ஒரு முழு மரோன் கிளாசே

என் நசீமா,

இந்த வருஷம் மலையில் பலா நன்றாகக் காய்த்தது. உனக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி அதுதான் என்று தோன்றுகிறது. எங்கள் கொல்லைக் கோடியில் ஒரு மரம் நிற்குமே, போன வருஷம் நீ சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாயே, அது அடிமரத்திலிருந்தே காய்களைக் கட்டிக்கொண்டு நின்றது. ஆடுகள் நிழலுக்கு ஒதுங்கக்கூட இடமில்லை.

இரண்டாவது செய்தி, நீ போய் ஒரு வருஷமாகிவிட்டது, போன வாரம் உன் வருஷ பாத்திஹா ஓதி முடிந்தது. நான் போயிருந்தேன். கையில் ஒரு தகர டப்பா கொண்டுபோனேன். அதில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. அது எப்படி வந்தது, அதற்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். பொறுத்துக்கொள். நீ எப்போதும் முடிவை முதலில் கேட்கிறவள். கதை சொல்ல ஆரம்பித்தால், “அதெல்லாம் இருக்கட்டும், கடைசியில இன்னா ஆச்சு?” என்பாய். இந்த ஒரு முறை என் வேகத்துக்கு வா.

நான் ஜவ்வாது மலை நெல்லிவாசல்நாட்டிலிருந்து வாணியம்பாடிக்கு வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். நீ உள்ளூர்க்காரி. இரண்டாம் வருஷத்தில் ஒரு மத்தியானம், நீ சாப்பாட்டு டப்பாவை என் முன்னால் தள்ளினாய். சோறு இல்லை. நடுவில் பொன்னிறத் தாளில் சுற்றிய ஒற்றை உருண்டை உட்கார்ந்திருந்தது.

“இது இன்னா?”

“மரோன் கிளாசே.”

“இன்னாது?”

“பிரெஞ்சுப் பேரு. அப்பா கம்பெனிக்குத் தோல் வாங்க வந்த இத்தாலிக்காரர் ஒரு பெட்டி குடுத்துட்டுப் போனாரு. வூட்டுல ஆளுக்கு ஒண்ணு. இது என்னோடது.”

“நீ துன்னலியா?”

“உன்ன வுட்டுட்டு எப்பிடித் துன்றது?”

வீட்டில் எல்லோரும் முந்தின நாளே சாப்பிட்டு முடித்திருந்தார்கள். நீ உன்னுடையதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கியிருந்தாய். தாளைப் பிரித்தாய். தேன் நிறத்தில், மேலே மெல்லிய கண்ணாடி பூசியதுபோல் ஒரு கொட்டை. அதை இரண்டாக உடைத்து, பெரிய பாதியை என்னிடம் நீட்டினாய். நான் வாயில் போட்டேன். கடிக்கவே வேண்டாமல் அது தானாக விட்டுக்கொடுத்தது. இனிப்புக்கு அடியில் ஒரு மாவு ருசி இருந்தது. அது எனக்குத் தெரிந்த ருசி.

“அடியே, இது எங்க வூட்டுப் பலாக்கொட்டை!”

நீ சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். “ஏ மலைக்காரி, கடல் தாண்டி வந்தத பலாக்கொட்டைன்றியே! அந்த இத்தாலிக்காரர் கேட்டா அடுத்த கப்பல்ல திரும்பிப் போய்டுவாரு.” வகுப்பு முழுக்க உனக்கு அதுவே பேச்சு. ஆனால் அடுத்த முறை நான் ஊருக்குப் போய்த் திரும்பும்போது, அடுப்புச் சாம்பலில் சுட்ட பலாக்கொட்டையைத் துணியில் முடிந்து கொண்டுவந்தேன். நீ ஒன்றை மென்றாய். மெல்லுவதை நிறுத்தினாய். என்னைப் பார்த்தாய்.

“அரே... ஆமா பச்சி.”

அந்த ஒரு “ஆமா”வில்தான் எல்லாம் தொடங்கியது, இல்லையா?

அந்தக் கொட்டைக்கு ஆங்கிலத்தில் செஸ்ட்நட் என்று பெயர், குளிர்நாட்டு மரம், சர்க்கரைப் பாகை அதற்குள் நாள் கணக்கில் மெல்ல ஏற்றிச் செய்கிறார்கள் என்றெல்லாம் நூலகத்தில் நீதான் தேடிப் படித்தாய். உனக்கு ருசியைவிட அந்தப் பெயர்தான் பித்துப் பிடிக்க வைத்தது. பெட்டி இத்தாலியில் செய்தது, அதன் மேல் ஏன் பிரெஞ்சுப் பெயர்? ஆங்கிலேயர்கள் ஏன் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள்? கைபேசி வந்த பிறகு உனக்குக் கொண்டாட்டம். நான் கூட்டுறவுச் சங்கத்தில் புளி எடை போட்டுக்கொண்டிருப்பேன். உன் குரல் வந்து விழும். “பச்சி, ஜப்பான்ல கூட அதே பேருதான். அவங்க வாய்க்கு ஏத்த மாதிரி கொஞ்சம் வளைச்சிக்கிட்டாங்க, அவ்ளோதான்.”

ஒரு நாள் குரலில் பதற்றம். வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன்.

“பச்சி, பிரேசில்ல சர்க்கரவள்ளிக் கெழங்குல செய்றாங்களாம். செஸ்ட்நட்டே இல்ல. ஆனா பேரு அதேதான். மரோன் கிளாசே!”

“அதுக்கா இந்தக் கூச்சல்?”

“உனக்குப் புரியல. கொட்ட போவ முடியாத ஊருக்குப் பேரு மட்டும் தனியாப் போயி, அங்க கெழங்கு மேல உக்காந்துகிச்சு. அப்போ நம்ம பலாக்கொட்ட மேல உக்காராதா?”

நான் சிரித்துவிட்டேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது சிரிப்பு நின்றுபோயிற்று. ஒரு சொல் தன் பொருளைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறிப் போகிறது. எங்கோ இறங்குகிறது. அங்கே கிடைத்த எளிய ஒன்றை அணைத்துக்கொண்டு அங்கேயே வாழ்கிறது. யார் அனுப்பினார்கள் அதை? இந்த உலகம் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டிருக்கிறதா? மலைப் பாதையில் நின்று, கீழே மினுக்க ஆரம்பித்த ஊர் விளக்குகளைப் பார்த்தேன். அதற்கு முன்னால் அவை அத்தனை அருகில் இருந்ததில்லை.

ஆனால் நீ அதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டதற்குக் காரணம் பெயர் மட்டும் இல்லை. அம்மிஜான்.

அந்தப் பெட்டியில் ஆளுக்கு ஒன்று என்றாயே. உன் அம்மா தன் பங்கைத் துண்டு துண்டாக்கி உனக்கும் உன் அண்ணனுக்கும் தம்பிக்கும் கொடுத்துவிட்டார். “எனக்கு இனிப்பு புடிக்காது” என்றாராம். அதை நம்பிச் சாப்பிட்டுவிட்டோம் என்று பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னாய். ஏலக்காய் போட்ட பாயசத்தைக் கரண்டியோடு வழித்துச் சாப்பிடுகிறவருக்கா இனிப்பு பிடிக்காது? “பச்சி, அம்மிஜான் கையில ஒரு முழு மரோன் கிளாசே வைக்கணும். ஒடஞ்சது வேணாம். முழுசு.” எனக்குத் தெரிந்து உனக்கு வேறு பெரிய ஆசை இருந்ததில்லை. கல்யாணம் முறிந்து அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தபோதும், ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோதும், அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும், நடுவில் ஒரு தடவை அதைச் சொல்லாமல் இருந்ததில்லை.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் இல்லாமல் இந்தக் கதை நிற்காது. முதல் தடவை உன் வீட்டுக்கு வந்தபோது, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். எழுந்து நின்றே விட்டார். “உங்க மலைக் கடுக்காய் இல்லாம எங்க தோலு ஒண்ணும் ஆவாதும்மா. எங்க பாட்டன் காலத்துல உங்க ஆளுங்க மூட்டைய எறக்கினாதான் இங்க அடுப்பு எரியும். நீ யாரோ இல்ல, எங்களுக்குக் கடுக்காய் சொந்தம்.” அதிலிருந்து நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “கடுக்காய் சொந்தம் வந்துடுச்சு, டீ வையி” என்று உள்ளே குரல் கொடுப்பார்.

அவர்தான் ஒரு நாள் நம் இருவரையும் தோல் பதனிடும் பழைய ஷாப்புக்கு அழைத்துப்போனார். வரிசையாகத் தரையில் குழிகள். எல்லாவற்றிலும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய பழுப்புத் தண்ணீர். ஒரு கோடியில் வெளிர்நிறம், மறு கோடியில் கறுத்த நிறம். நீ மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாய். அவர் எனக்கு விளக்கினார். “பச்சத் தோல மொதல்லயே புதுச் சாறுல போட்டா, மேல மட்டும் புடிச்சி மூடிக்கும். உள்ள வேவாம அழுகிப் போயிடும். அதனால ஓஞ்சு போன பழைய தண்ணியிலதான் ஆரம்பிக்கணும். அப்புறம் குழி குழியா மாத்தணும். கொஞ்சம் கொஞ்சமாதான் அது தாங்கும்.” நான் தலையாட்டினேன். நீ, “அப்பா, போலாமா? பச்சிக்கு வாந்தி வருது” என்றாய். வாந்தி வந்தது உனக்கு.

பிறகு உனக்கு நோய் வந்தது. அதை விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை. சிகிச்சையில் உன் வாய் ருசி போய்விட்டது. எதைத் தின்றாலும் ஈரமான அட்டையை மெல்வது போலிருக்கிறது என்று சொன்னாய். அப்படிப்பட்ட நேரத்தில்தான் போன வருஷம், உன் அண்ணனைக் கார் ஓட்டச் சொல்லி மலைக்கு வந்தாய். கையில் ஒரு வெனிலா பாட்டில். ஒரு பையில் வெள்ளை வலைத் துணி.

கொதிக்கும்போது கொட்டைகள் மோதி உடையாமலிருக்க, இரண்டிரண்டாக வலைத் துணியில் சுற்றிக் கட்டுவார்கள் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தாய். துணியை விரித்தேன். ஓரத்தில் ஜரிகை. உன் கல்யாண முக்காடு.

“நசீ, இதையா கிழிக்கப் போற?”

“அந்தக் கல்யாணத்துல உருப்படியா மிஞ்சினது இது ஒண்ணுதான். இதுவாச்சும் எதையாச்சும் ஒடையாம காப்பாத்தட்டும்.”

சொல்லிவிட்டு நீதான் முதலில் சிரித்தாய். நானும் சிரித்தேன். கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பாகு என் பொறுப்பு. பொரி உருண்டையும் அதிரசமும் பிடித்த கை, எனக்கா பாகு தெரியாது? கம்பிப் பதத்தில் கெட்டியாகக் காய்ச்சி, வேகவைத்து உரித்த பலாக்கொட்டைகளை முடிச்சு முடிச்சாக அதில் இறக்கினேன். மறுநாள் பார்த்தால் எல்லாம் சுருங்கிக் கூழாங்கல் மாதிரி கிடந்தன. இளக்கலாம் என்று தண்ணீர் விட்டு மறுபடி கொதிக்கவைத்தேன். மேலே கல், உள்ளே மாவு. வலையெல்லாம் பிதுங்கி, பானையில் பழுப்பாக ஒரு களி. முக்காட்டால் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

நான் அழுகிற நிலையில் இருந்தேன். நீ கரண்டியால் அந்தக் களியை வழித்து வாயில் வைத்தாய்.

“அப்பா மட்டும் இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் அந்தக் கடைசிக் குழியிலயே தள்ளியிருப்பாரு” என்றாய்.

ஏதோ பழைய நினைவில் சொல்கிறாய் என்று விட்டுவிட்டேன். “எப்பிடிடீ இருக்குது?” என்று கேட்டேன்.

“இனிப்பு தெரியல. வெனிலா தெரியல. ஆனா நாக்குல மெத்துன்னு உக்காருது பாரு, அது தெரியுது. அன்னிக்கி கிளாஸ்ல உக்காந்த மாதிரியே.” கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். “முழுசு வரல. பரவால்ல. அடுத்த பலாவுக்குப் பாத்துக்கலாம்.”

மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து நீ அந்தப் பானையையே காலி செய்தாய். ருசியே இல்லாத நாக்கு, தொட்டதை வைத்தே ஒரு பழைய மத்தியானத்தைத் தேடி எடுத்தது. இன்றுவரை என்னால் அதை நம்ப முடியவில்லை.

சாமை விதைப்பு முடிகிற சமயத்தில் நீ போய்விட்டாய். உன் அப்பா வைத்த பெயருக்கு ஏற்ற மாதிரி, கடைசியில் எனக்கே கடுக்காய் கொடுத்துவிட்டாய். அடக்கத்துக்குப் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. உங்கள் வாசல்படியில் நின்று, உன்னைத் தூக்கிக்கொண்டு போன தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் என்றால் செத்தவருக்குப் பிடித்ததை வருஷா வருஷம் இலையில் படைப்போம். உனக்கு நான் எந்த இலை போடுவேன்? எந்த உரிமையில் போடுவேன்? அன்று திரும்பும்போது ஜீப்பில் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தப் பலாப் பருவத்தில் அம்மிஜானிடமிருந்து போன் வந்தது. “பச்சி, நசீமாவோட வருஷ பாத்திஹா வருது. அவளுக்குப் புடிச்சதெல்லாம் வச்சி ஓதணும். பிரியாணி வைப்பேன், பேரீச்சம்பழம் வைப்பேன். நீயும் ஏதாச்சும் கொண்டா பேட்டி.” உன்னை மாதிரியே என்னையும் பேட்டி, மகளே, என்றுதான் கூப்பிடுவார். உங்களிடமும் அந்தப் பழக்கம் உண்டு என்று எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று? இலைக்குப் பதில் தட்டு. அவ்வளவுதானே?

என்ன கொண்டுபோவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முழுசு வருமா என்பதுதான் பயம். இந்த முறையும் களியானால் அடுத்த பலாவுக்குக் காத்திருக்க அம்மிஜானுக்கு ஆயுசு இருக்க வேண்டுமே. போன வருஷம் நீயும் நானும் அப்படித்தானே பேசிக்கொண்டோம், அடுத்த பலாவுக்கு என்று?

கொட்டைகளை வேகவைத்து, பழுப்புத் தோலைச் சுரண்டி எடுத்து, உன் முக்காட்டின் மிச்சத்தில் இரண்டிரண்டாகக் கட்டினேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இன்னாடி இது, கொட்டைக்கெல்லாம் முக்காடு போட்டு உக்கார வச்சிருக்க? நிக்காவா?”

“ஆமா. போயி மாப்பிள்ளய இட்டாங்க.”

“சர்க்கரதான மாப்பிள்ள? மெதுவா இட்டாரேன். போன தடவ அவசரப்பட்டுக் கட்டி வச்சி, ரெண்டு குடும்பமும் கூழாப் போச்சு.”

அவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பாகுக்கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். மெதுவா. கடைசிக் குழி. நசீமா, அப்போதுதான் உன் பேச்சு எனக்குள் வந்து சேர்ந்தது. ஒரு வருஷம் எடுத்துக்கொண்டது. நீ ஏதோ பழைய நினைவில் சொல்லவில்லை. நான் செய்த தப்பைத்தான் சொன்னாய். பச்சைத் தோலை எடுத்த எடுப்பில் புதுச் சாற்றில் போட்டோம். மேலே பிடித்து மூடிக்கொண்டது. குழிகளின் ஓரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவள் நீ. காது மட்டும் திறந்துதான் இருந்ததா?

அடுப்பை அணைத்தேன். காய்ச்சிய பாகை ஒதுக்கிவைத்துவிட்டு, தண்ணீரில் சர்க்கரை கலந்தேன். நாக்கில் வைத்தால் இனிப்பு சற்றே தெரிகிற அளவுக்குத்தான். ஓய்ந்துபோன தண்ணீர். முடிச்சுகளை அதில் இறக்கி, சூடுபடுத்தி, மூடி, விட்டுவிட்டேன். மறுநாள் முடிச்சுகளை வெளியே எடுத்து, தண்ணீரில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி, திரும்ப உள்ளே. அடுத்த நாளும் அப்படியே. குழி குழியாக. என்னிடம் இருந்தது ஒரே பானை. உன் அப்பா தோலைத் தண்ணீருக்குத் தண்ணீர் மாற்றினார். நான் தண்ணீரை மாற்றினேன்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வேன்? பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. மூடியைத் திறந்தால் அதே கொட்டைகள், அதே இடத்தில். சுருங்கவும் இல்லை, உடையவும் இல்லை, மாறவும் இல்லை. நான் ஏமாறுகிறேனோ என்று கூடத் தோன்றியது. ஒரு வாரம் தாண்டியிருக்கும். ஒரு காலையில் முடிச்சு ஒன்றை எடுத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். வெயில் அப்போதுதான் மேட்டைத் தாண்டி வந்திருந்தது.

கொட்டைக்குள் வெளிச்சம் போயிற்று, நசீமா.

சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, ஒளியை உள்ளே விடாமல் இருந்த பலாக்கொட்டை அது. ஆட்டுக்குக்கூடப் போடுவோம். இப்போது அதன் விளிம்பெல்லாம் தேன் நிறத்தில் எரிந்தது. உள்ளே ஒரு நரம்பு ஓடுவது தெரிந்தது. அதன் உருவம் துளி மாறவில்லை. அதே வளைவு, அதே சின்ன மூக்கு. ஆனால் அதனுள் இருந்த தண்ணீர் இடம் கொடுத்து வெளியேற, இனிப்பு அந்த இடத்தில் வந்து அமர்ந்திருக்கிறது. எந்த நொடியில் அது நடந்தது? நான் புளி எடை போட்டபோதா, தூங்கும்போதா? கண்ணெதிரே இருந்தும் நான் பார்க்கவில்லையே. கல்லூரியில் நான் உவர்நீரும் நன்னீரும் சவ்வும் எல்லாம் படித்துத் தேர்வெழுதியவள்தான். அந்தப் படிப்பு அன்றைக்கு என் உதவிக்கு வரவில்லை. முடிச்சை ஏந்திக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி நின்றேன்.

நீயும் எனக்குள் அப்படித்தான் வந்திருக்கிறாய் போல. இருபத்தைந்து வருஷமாக, ஓய்ந்த தண்ணீரிலிருந்து ஆரம்பித்து.

நிழலில் உலர்த்தி, நம் மலைத் தேனும் உன் வெனிலாவும் கலந்து மேலே மெழுகினேன். பொன் தாளுக்கு எங்கே போவேன்? பூவரசு இலையில் ஒவ்வொன்றாகச் சுற்றித் தகர டப்பாவில் அடுக்கினேன். ஷேர் ஜீப்பில் கீழே இறங்கும்போது பக்கத்திலிருந்த அம்மாள், “இன்னா, டப்பாவுல கொழந்தயா வச்சிருக்க? இப்பிடிக் கட்டிப் புடிச்சினு வர்றே” என்றார். ஒவ்வொரு வளைவிலும் டப்பாவை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் திறந்து பார்த்தேன். அடியில் இருந்த சில விரிசல் விட்டிருந்தன. மற்றவை முழுசு. ஒரு தட்டில் அடுக்கி, பிரியாணிக்கும் பேரீச்சம்பழத்துக்கும் நடுவில் வைத்தேன். முன்னறையில் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதினார். நாங்கள் பெண்கள் உள்ளறையில் தலையில் துணி போட்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் உன் பெயர் நடுவில் வந்தது. அது மட்டும் புரிந்தது.

ஓதி முடிந்ததும் எதிர்வீட்டு அம்மாள் தட்டைப் பார்த்தார். “இது இன்னா மிட்டாய்? புதுசா இருக்குது.”

நான் பலாக்கொட்டை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மிஜான் முந்திக்கொண்டார். “மரோன் கிளாசே. ஜவ்வாது மலையில செய்றது.” ரயில் நிலையத்தில் நின்று ஊர் பெயர் சொல்கிற மாதிரி, சர்வ சாதாரணமாகச் சொன்னார். நசீ, நீ கேட்டாயே, உட்காராதா என்று. உட்கார்ந்துவிட்டது. நான் பார்த்தேன்.

“இவங்க யாரு? சொந்தமா?” என்றார் அந்த அம்மாள்.

“ஆமா. கடுக்காய் சொந்தம்.”

அந்த அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் தலைத்துணியை முகத்தருகே இழுத்துக்கொண்டேன்.

பிறகு தட்டில் இருந்ததிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து, இலையைப் பிரித்து, அம்மிஜான் உள்ளங்கையில் வைத்தேன். “நசீமா உங்களுக்குக் குடுக்கச் சொன்னது. முழுசு.”

“எனக்குச் சுகர் இருக்குது பேட்டி.”

“இனிப்பு புடிக்காதுன்னு சொல்லாத வரைக்கும் சரி அம்மிஜான்.”

என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பழைய பொய் உனக்குத் தெரிந்திருந்தது என்பது அவருக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்திருக்க வேண்டும். கையை மெல்ல ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

அப்புறம் அதை இரண்டாக உடைத்தார்.

“ஐயோ, அம்மிஜான்!” கத்திவிட்டேன். எத்தனை வருஷம், எத்தனை பாடு, ஒன்றை முழுசாக அவர் வாய்க்குக் கொண்டுசேர்க்க!

அவர் என்னைக் கவனிக்கவில்லை. உடைந்த பக்கத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல்காரரின் மனைவி. ஊறிய தோலின் ஓரத்தை வெட்டி, சாறு நடுவரை போயிருக்கிறதா என்று அவர் வீட்டுக்காரர் பார்ப்பதை ஆயுசு முழுக்கக் கண்டவர். உடைக்காமல் அது தெரியாது. எனக்குத்தான் அது தோன்றவே இல்லை.

“நடு வரைக்கும் போயிருக்குது” என்றார். “வெள்ளையே இல்ல. பாரு.”

பார்த்தேன். வெள்ளையே இல்லை.

பெரிய பாதியை என்னிடம் நீட்டினார். “முழுசாப் பாத்துட்டேன். போதும். உன்ன வுட்டுட்டு எப்பிடித் துன்றது?”

நசீமா, அந்த வார்த்தையை நீ அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய். எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயில் போட்டுக்கொண்டோம். அது மெத்தென்று நாக்கில் உட்கார்ந்தது. அம்மிஜான் கண்ணை மூடிக்கொண்டார். உன் முகம் அங்கே அப்படியே இருந்தது.

“மெதுவா போவுது” என்றார் கடைசியில்.

பலா மரத்தில் இன்னும் சில காய்கள் இருக்கின்றன. உன் முக்காட்டில் இன்னும் ஒரு முழம் மிச்சமிருக்கிறது. அது நைந்துபோனால் வேறு துணி பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பலாவுக்கும் செய்வேன். ஓய்ந்த தண்ணீரில்தான் ஆரம்பிப்பேன். உன் தட்டுக்கு முழுசாகக் கொண்டுவருவேன், அம்மிஜான் உடைப்பார். அவருக்குப் பிறகு நானே உடைத்துப் பார்க்கிறேன், நடு வரைக்கும் போயிருக்கிறதா என்று. பெரிய பாதி உனக்கு.

உன் கடுக்காய் சொந்தம்,
பச்சையம்மாள்